நாற்பத்தொன்றாம் பக்கம்

வாக்கியத்தைக் கூறுபோடுவது என் தொழில். கோவை ஆர்.எஸ்.புரத்தில் வீடு. தினமும் காலையில் உக்கடம் போய், பொள்ளாச்சி பஸ் பிடித்து, கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் போய் இறங்குவேன். ஆறாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணம். பதினான்கு வருடமாக இதேதான். சப்ஜெக்ட்டுக்கு அடியில் பச்சைக் கோடு, வெர்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம், ஆப்ஜெக்ட்டுக்கு நீலக் கட்டம். யார் செய்தது, என்ன செய்தது, எதைச் செய்தது என்று மூன்று கேள்வி கேட்டால் எந்த வாக்கியமும் பிரிந்து வந்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். கல்லூரிக்குப் போய்விட்ட பழைய மாணவிகள்கூடப் பஸ்ஸில் என்னைப் பார்த்தால் காற்றில் ஒரு கோடு இழுத்துக் காட்டிச் சிரிப்பார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. கோபமும் எனக்குக் கொஞ்சம் அதிகம். இதை நான் சொல்லவே வேண்டியதில்லை, பள்ளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எனக்கென்று சில சட்டங்கள் வைத்திருக்கிறேன். நோட்டு எல்லாம் ஒரே மாதிரி பிரவுன் அட்டை போட்டிருக்க வேண்டும். நோட்டு வாங்கிய அன்றே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எண் போட்டுவிட வேண்டும். எண் போடாத நோட்டை நான் தொடமாட்டேன். திட்டு வாங்கிய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல நிற்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எண் இருந்தால் தப்பிக்க முடியாது. அப்புறம், வீட்டுப்பாட நோட்டுகளை எழுதிய பக்கத்தில் திறந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, லீடர் என் மேசையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். நாற்பத்திரண்டு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பக்கம் தேட எனக்கு நேரம் கிடையாது.

இது போக, பள்ளியின் சட்டம் ஒன்று. டைரியில் ஒவ்வொரு நாளுக்கும் கீழே, 'வீட்டுப்பாடத்தைச் சரிபார்த்தேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலும் திங்கட்கிழமை காலையில் வேன் வருவதற்குள், ஸ்கூட்டர் சீட்டின்மேல் டைரியை வைத்து, வாரம் முழுவதற்கும் சேர்த்துப் போட்டு அனுப்புவார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான். கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் நான் பார்ப்பேன்.

போன வருடம் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால், ஐந்து வாக்கியங்கள் சொந்தமாக எழுதி, கோடும் வட்டமும் கட்டமும் போட்டு வரச் சொல்லியிருந்தேன். மறுநாள் அடுக்கில் பத்துப் பன்னிரண்டு நோட்டுக்குக் கீழே ஒரு பக்கம் வந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, அது பிள்ளையின் கையெழுத்து இல்லை. பெரியவர்கள் எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, தாளின் பின்பக்கம் தடவினால் தெரிகிற மாதிரி எழுதியிருந்தது. கோடெல்லாம் அடிக்குச்சி வைத்து இழுத்தது. நோட்டை மூடி அட்டையைப் பார்த்தேன். வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்கிற, அதிகம் பேசாத ஒரு பெண்ணின் பெயர்.

அவளுடைய அம்மா எங்கள் பள்ளிக்குப் பின்னால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு நார் மில்லில் வேலை பார்க்கிறவர். தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்து, களத்தில் உலர்த்துகிற வேலை. அப்பா லாரி டிரைவர், தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். இதெல்லாம் அட்மிஷன் படிவத்தில் பார்த்ததும் கேள்விப்பட்டதும். இதை வைத்து நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். கைடைப் பார்த்து அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார், பிள்ளை பேனாவைத் தொடவே இல்லை.

அந்தப் பெண் எழுந்து, "மிஸ், அது வந்துங்க மிஸ்..." என்று தொடங்கினாள்.

"வாய மூடிட்டு உட்காரு" என்றேன்.

பக்கத்தின் குறுக்கே மேல்மூலையிலிருந்து கீழ்மூலை வரை சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன். 'பிறர் எழுதிக் கொடுத்த வீட்டுப்பாடம் ஏற்றுக்கொள்ளப்படாது' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். ஐந்து வாக்கியங்களில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. ஓர் இலக்கண ஆசிரியை இதை எழுதுவது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே அடுக்கில், பெரிய தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் மகன் நோட்டும் இருந்தது. அவனுடையதைக் கல்லூரியில் படிக்கிற அவன் அக்கா எழுதியிருந்தாள்; முத்து முத்தான எழுத்து. அவனிடம் நான், "அக்காவுக்கு நூத்துக்கு நூறு போட்டுட்டேன்னு சொல்லு" என்று சொல்லிச் சிரித்தேன். வகுப்பே சிரித்தது. அவனுடைய அப்பா பள்ளி ஆண்டுவிழாவில் மேடையில் உட்கார்கிறவர்.

அந்தச் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். என் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி, சுவரோரமாக வரிசையாகப் பெஞ்சுகள், அதில் ஏழெட்டுப் பெற்றோர் காத்திருந்தார்கள். அந்த அம்மா காலை வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாலும் தலைமுடியில் நார்த்தூசி இருந்தது. மகள் பக்கத்தில் நின்றாள். மற்ற எல்லோரையும் "உட்காருங்க" என்று சொன்ன நான் அவரிடம் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்ததா, மறந்ததா என்று நானே பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். மறந்தது என்று சொல்லத்தான் ஆசையாக இருக்கிறது.

நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்தேன். "இது யாரு எழுதினதுங்க?"

"நானுங்க மிஸ்."

இவ்வளவு சட்டென்று ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனாலேயே குரல் ஏறியது. "நீங்களே எழுதிக் குடுத்தா பொண்ணு எப்படிங்க படிக்கும்? நாளைக்குப் பரீட்சைக்கும் நீங்கதான் வந்து எழுதுவீங்களா?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு படி போனேன். "கைடப் பாத்துக் கோடெல்லாம் போட்டிருக்கறீங்க. இந்தப் பச்சைக் கோடு எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?"

அவர் குனிந்து பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல வந்து, ஒரு வரியின் தொடக்கத்தில் பச்சைக் கோட்டுக்கு மேலே நின்றது. அவர் சொல்வதற்குள் நான் நோட்டைப் பட்டென்று மூடிவிட்டேன். விரல் அட்டைக்குள் மாட்டிக்கொண்டது; அவரே மெதுவாக உருவிக்கொண்டார்.

"மிஸ், அம்மா வந்து..." என்று மகள் தொடங்கினாள். அந்த அம்மா அவள் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"தப்புதானுங்க மிஸ். இனிமே இப்படி ஆகாதுங்க. வாரேனுங்க."

நோட்டைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. பீரோவில் போட்டுப் பூட்டினேன். திங்கட்கிழமை அந்தப் பெண் வேறொரு நோட்டில் அதே வீட்டுப்பாடத்தைத் தன் எழுத்தில் கொண்டுவந்தாள். பயத்தில் புது நோட்டு வாங்கி எழுதியிருக்கிறாள் என்று நினைத்து, டிக் போட்டு அனுப்பினேன். முன்பக்கங்களை அப்போதாவது திருப்பியிருக்கலாம். ஜூன் மாதத்திலிருந்து நான் திருத்திய பக்கங்கள் எல்லாம் அதில்தானே இருந்திருக்கும். நான் திருப்பவில்லை. சட்டம் போட்டதே பக்கம் திருப்பக்கூடாது என்பதற்காகத்தானே.

ஏப்ரலில் தேர்வு முடிந்து பீரோவைக் காலி செய்தபோது அந்த நோட்டு கைக்கு வந்தது. பழைய பேப்பரோடு போடலாம் என்று எடுத்தவள், ஏனோ முதல் பக்கத்தைத் திறந்தேன்.

முதல் பக்கம் முழுக்க ஆங்கிலச் சிற்றெழுத்துகள். அடுத்ததில், நான் ஜூன் மாதம் நடத்திய முதல் பாடம். அதற்கடுத்து இரண்டாம் பாடம். ஒவ்வொன்றும் அதே அழுத்தமான எழுத்தில். முதலில் கோணல்மாணலாக, தப்பும் தவறுமாக. போகப் போகக் கொஞ்சம் நேராக. நாற்பதாம் பக்கம் வரை ஒவ்வொன்றின் கீழும் சிவப்புப் பென்சிலில் டிக். பக்கத்தில் 'குட்'. அதற்குக் கீழே என் கையெழுத்து, என் சுழிப்போடு, ஆனால் ஒரு பிள்ளையின் கையால் போட்டது. பதினேழாம் பக்கத்தில் 'நீட்னஸ் இல்லை, மறுபடி எழுது' என்று போட்டிருந்தது. பதினெட்டாம் பக்கத்தில் அதே பாடம் மறுபடி எழுதப்பட்டிருந்தது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டில் தினமும் மகள் மிஸ்ஸாக இருந்திருக்கிறாள், அம்மா மாணவியாக இருந்திருக்கிறார். அது அம்மாவின் நோட்டு. அன்று பையில் மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்டாஃப் ரூமில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இரண்டு பேர் லீவில் ஊட்டி போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. முகம் கழுவுகிற சாக்கில் வெளியே போனேன்.

வீட்டுக்கு எடுத்து வந்து இரண்டு நாள் மத்தியானம் உட்கார்ந்து திருத்தினேன். சிவப்பு மை வேண்டாம் என்று ஒரு பச்சைப் பேனா வாங்கினேன். ஒரு தப்பையும் விடாமல், ஏன் தப்பு என்று ஓரத்தில் தமிழில் சின்னதாக எழுதி, நாற்பது பக்கம் முடித்தேன். பதினான்கு வருடத்தில் எந்த நோட்டையும் நான் அவ்வளவு அக்கறையாகத் திருத்தியதில்லை. நல்ல காரியம் ஒன்றைச் செய்கிற நிம்மதிகூட வந்துவிட்டது. அப்போதுதான் நாற்பத்தொன்றாம் பக்கம் வந்தது. குறுக்குக்கோடு, பெரிய எழுத்து, என் கையெழுத்து.

அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. வெள்ளை மை தடவிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அசிங்கமாகத் தெரியும். கடைசியில் பிளேடு எடுத்துத் தையலை ஒட்டி அந்தத் தாளை அறுத்தேன். கிழித்த தடமே தெரியாமல் வந்தது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் அந்தக் கோட்டை மறுபடி பார்க்க வேண்டாம், அவருக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்க முடியாதது எனக்குத்தான்.

நோட்டைக் கொடுக்கப் பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடியே போனேன். தப்பு என்னுடையது. நான் படித்துப் பார்க்கவில்லை. எல்லோர் முன்னாலும் நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. மூன்றே வாக்கியம், மூன்றிலும் சப்ஜெக்ட் தெளிவாகத் தெரிந்தது.

மில்லை ஒட்டிய வரிசை வீடுகளில் மூன்றாவது அவர்கள் வீடு. அவர் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"ஏனுங்க மிஸ், இந்த வெயில்ல வந்திருக்கறீங்க! சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனுங்களே. உள்ள வாங்க, உட்காருங்க. அம்மணி, மிஸ்ஸுக்கு மோரு கொண்டா கண்ணு."

இருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். நான் உட்கார்ந்தேன். அவர் நின்றார். நீங்களும் உட்காருங்கள் என்று இந்த முறை சொன்னேன். "இருக்கட்டுங்க மிஸ்" என்று நின்றுகொண்டே இருந்தார். மகள் மோர் கொடுத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போய்விட்டாள். எனக்கு முகம் கொடுக்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது.

நோட்டை நீட்டினேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார்.

"உங்க நோட்டுன்னு எனக்குத் தெரியலைங்க" என்றேன். "பொண்ணு பேரு போட்டிருந்துச்சு."

"என்ற பேரப் போட்டா பாக்கறவங்க சிரிப்பாங்கன்னு அவ பேரையே போட்டுப்போட்டேனுங்க. தப்பு என்மேலதான். பையில மாறிப் போச்சுங்க."

"அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாமுங்களே."

"எல்லாரும் உக்காந்திருக்காங்க. மிஸ் ஒண்ணு சொல்லறப்ப, அப்படியில்லைன்னு நான் எதுத்துச் சொன்னா, மத்தவங்க உங்களப் பத்தி என்னங்க நெனைப்பாங்க? நல்லாவா இருக்கும்? போச்சாதுங்க மிஸ், அத விடுங்க."

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். என் மரியாதை கெடக்கூடாது என்று அவர் தன் மரியாதையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதுவும் நான் உட்காரக்கூடச் சொல்லாத இடத்தில்.

எதற்காகக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். டைரிக்காக என்றார். அச்சடித்த அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று ஜூன் மாதம் மகளிடம் கேட்டிருக்கிறார். சரிபார்த்தேன் என்று அர்த்தம் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"பாக்கத் தெரியாம பாத்தேன்னு எப்படிங்க மிஸ் கையெழுத்துப் போடறது? அதான் அவகூடவே படிச்சுப்போடலாம்னு ஆரம்பிச்சேன்."

"இப்பவும் எழுதறீங்களா?"

"இல்லைங்க. மில்லுல வேலை சரியா இருக்குதுங்க." பிறகு அவரே, "டைரியில இப்ப அவங்கப்பாதான் போடறாருங்க. ஊட்டுக்கு வாரப்ப மொத்தமாப் போட்டுக் குடுத்துருவாரு" என்றார்.

எட்டு மாதமாக அந்த டைரியில் கையெழுத்து மாறியிருந்திருக்கிறது. தினமும் டைரியைப் பார்த்த எனக்கு அது தெரியவில்லை.

"ஏழாம் வகுப்புப் பாடத்துக்கு நான் ஒரு நோட்டு வாங்கித் தர்றேனுங்க. சந்தேகம் வந்தா எங்கிட்ட வாங்க. நானே சொல்லித் தர்றேன்."

"பாக்கலாமுங்க மிஸ்."

எங்கள் பக்கத்தில் பாக்கலாமுங்க என்றால் வேண்டாம் என்று அர்த்தம். யாரும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

இதுவரைகூட நான் மூன்று வாக்கியத்தில் ஒன்றையும் சொல்லியிருக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் நோட்டைப் பிரித்துப் பக்கம் பக்கமாகத் திருப்பத் தொடங்கிவிட்டார். பச்சை மையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அத்தனையும் திருத்தியிருக்கறீங்களே மிஸ்! அம்மணி, இங்க வந்து பாரு, மிஸ் என்ற நோட்டத் திருத்தியிருக்காங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். மகள் வரவில்லை. பதினேழாம் பக்கத்தில் நின்று அவரே சிரித்துக்கொண்டார். விரலில் எச்சில் தொட்டுத் திருப்பிக்கொண்டே போனவர், கடைசியில் நின்றார். முன்னால் ஒரு தாள் திருப்பினார், பின்னால் ஒரு தாள் திருப்பினார். மேல்மூலையில் அவரே போட்டிருந்த எண்களை விரலால் தொட்டார். நாற்பதுக்கு அடுத்து நாற்பத்துமூன்று.

என் சட்டம். எனக்கு அது மறந்தேபோயிருந்தது.

"இதுல ஒரு தாளக் காணமுங்களே மிஸ்?"

கைப்பை என் மடியில்தான் இருந்தது. திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, நான்தான் அறுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "பழைய நோட்டுங்க" என்றேன். "தையல் விட்டுப்போயி எங்காச்சும் விழுந்திருக்கும்."

"ஆமாங்க, இருக்கும்" என்றார் உடனே. கூட்டத்தில் ஒத்துக்கொண்ட அதே வேகத்தில். நான் சொன்னதை அவர் நம்பினாரா, இல்லை இன்னொரு தடவை என் மரியாதையைக் காப்பாற்றினாரா, எனக்குத் தெரியாது. நோட்டை மூடி, அட்டையைக் கையால் ஒரு தடவை தடவினார்.

"அந்தத் தாள்லதானுங்க மிஸ், அஞ்சும் சரியா வந்துபோச்சுன்னு நெனச்சேன். அவளும் சரின்னுதான் சொன்னா. இருந்தாலும் மிஸ் பாத்து ஒரு வார்த்தை சொன்னாத்தானே நமக்கு நம்பிக்கை வரும்."

பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து ஏற்றிவிட்டார். சின்னப் பையில் நாலு தேங்காய் போட்டு, வேண்டாம் என்றாலும் கேட்காமல் என் கையில் திணித்தார். பஸ் ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் தாளை எடுத்துப் பிரித்தேன். முதல் தடவையாக அதைப் படித்தேன். லாரி தேங்காய் கொண்டு போகிறது. நான் நார் உலர்த்துகிறேன். மிஸ் என் மகளுக்குக் கற்றுத் தருகிறார். என் மகள் எனக்குக் கற்றுத் தருகிறாள். நான் டைரியில் கையெழுத்துப் போடுகிறேன். எல்லாம் அவருக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில். பச்சைக் கோடு, சிவப்பு வட்டம், நீலக் கட்டம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

ஐந்தும் சரி. அதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இந்த ஜூனில் பள்ளி திறந்து, அவர் மகள் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டாள். வராந்தாவில் என்னைக் கடக்கும்போது "குட் மார்னிங் மிஸ்" என்கிறாள், நிற்பதில்லை. தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைக்கிறேன். எடுத்துப் பார்த்தால் அவருடைய ஐந்து வரிக்கும் கீழே என் கையெழுத்து இருக்கிறது. படித்துப் பார்க்காமல் போட்டது.